பதினொரு சதவீதம்

மூன்று நாளாக அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை வாசலில் நடந்தது, மகன் மலைக்குக் கிளம்பிய காலையில். அவன் தெருமுனை திரும்பும் வரை கையசைத்துவிட்டு, மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"பனி கொட்டுற மாசத்துல அவனை நீதானே அனுப்பறே? 'இந்தப் போன் இருக்கு, எங்க விழுந்தாலும் உடையாது, தண்ணிக்குள்ள போனாலும் சாகாது'ன்னு நீ கொடுத்த தைரியம்தானே? சரி. போன் உடையாது. என் பிள்ளை?"

அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தன.

அவன் வனத்துறையில் இருக்கிறான். மலை முகடுகளில் பாறைக்கழுகு கட்டும் கூடுகளை எண்ணுவது வேலை. அவள் வேலையும் கிட்டத்தட்ட அதைப்போலவே வினோதமானது. மலையேறுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கென்று முரட்டுப் போன் செய்கிற நிறுவனத்தில், அந்தப் போன்களைப் போட்டு அடித்து, முக்கி, உறைய வைத்துப் பார்க்கிற சோதனைக்கூடம் அவள் பொறுப்பு. கூடத்தில் அவளுக்கு 'உடைப்பு மேடம்' என்று பெயர்.

மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லும் விளக்கம் வேறு. "என் மருமகளுக்குச் சம்பளம் கொடுத்துப் போனைக் கீழே போடச் சொல்றாங்க. நாமெல்லாம் அதை ஓசியிலயே செய்றோம்."

நான்காம் நாள் காலை ஏழு ஐம்பதுக்குச் சமையலறை மேடையில் மருமகளின் போன் அதிர்ந்தது.

'விழுந்துட்டேன். இடது கால் உடைஞ்சிருக்கு. ஒரு பாறைத் திட்டுல இருக்கேன். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பேச சிக்னல் இல்ல. பேட்டரி 11.'

அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. மாமியாரும் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தம்மாள் முப்பத்தொரு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அலறவில்லை. அடுப்பை அணைத்தாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாருக்குப் போன் பண்ணணுமோ பண்ணு. நீ எங்க போறியோ அங்க நானும் வரேன்."

மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மலை மீட்புக்குழுவின் தலைவி ஒரு பெண். குரலிலேயே காற்று வீசியது.

"ஹெலிகாப்டர் வராதும்மா. மலை முழுக்க மூடுபனி. நடந்துதான் வரணும். நாங்க மேல வந்து சேர மத்தியானம் மூணு மணி ஆயிடும்."

"இடம் தெரியுதா?"

"அங்கதான் சிக்கல். பக்கத்துப் பக்கத்துல மூணு பிளவு இருக்கு. அவர் போன் அனுப்பின இடக்குறி மூணுக்கும் நடுவுல காட்டுது. கத்தினாலும் எதிரொலியில எந்தப் பக்கம்னு தெரியாது. தப்பான பிளவுல இறங்கிட்டோம்னா திரும்ப ஏறுறதுக்குள்ள இருட்டிடும். நாங்க வந்து நிக்கறப்ப அவர் போன்ல லைட் அடிச்சுக் காட்டினா போதும். அதுவரைக்கும் அந்தப் போன் தாங்குமா?"

"அங்க எவ்வளவு குளிர்?"

"மைனஸ் பதினாலு."

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டியவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளுக்கும் தெரியவில்லை.

"பார்த்துச் சொல்றேன்," என்றாள். மீட்புக்குழு மூன்று மணிக்கு வரும் என்று கணவனுக்கு ஒரு வரி தட்டிவிட்டுச் சோதனைக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

கார் ஓடும்போது மாமியார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மருமகளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அவர்கிட்ட இருக்கிறது கடையில வாங்கின போன் இல்ல. சோதனைக்கு வந்தது. பதினேழாம் நம்பர். நானூறு தடவை தோள் உயரத்துலேர்ந்து கீழ போட்டிருக்கேன். ரெண்டு நாள் தண்ணிக்குள்ள வச்சிருக்கேன். எதுக்கும் அசையல. சோதனை முடிஞ்சா உடைச்சுப் போடணும்கிறது விதி. 'உடைச்சாச்சு'ன்னு கையெழுத்துப் போட்டுட்டு அவர் பையில வச்சேன்."

"ஏன்?"

"புதுப் போன் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. அதோட குணம் தெரியாது. இதைத் தெரியும்."

மாமியார் ஜன்னலை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு, "சீக்கிரம் ஓட்டு," என்றாள்.

சோதனைக்கூடத்தின் கதவைத் தள்ளியதும் மாமியார் நின்றுவிட்டாள்.

அவள் மனதில் இருந்தது, யாரோ நாலு பேர் ஸ்டூலில் ஏறி நின்று போனைப் போட்டுப் பார்ப்பதைப் போன்ற ஒரு படம். இங்கே ஆள் உயர இரும்புக் கை ஒன்று போனைத் தூக்கி, ஒரு கணம் யோசிப்பதுபோல் நிறுத்தி, கருங்கல் பலகையில் விட்டது. எடுத்தது, விட்டது. கண்ணாடித் தொட்டியில் ஆறு போன்கள் தண்ணீருக்கடியில் ஒளிர்ந்தபடி கிடந்தன. ஒரு பெட்டிக்குள் புழுதிப்புயல் சுழன்றது. துணி துவைக்கும் இயந்திரம் போன்ற உருளை ஒன்றில் ஒரு போன் உருண்டு உருண்டு அடிவாங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அதன் திரை எரிந்து, யாரோ அழைப்பதாகச் சொன்னது.

"அடக் கடவுளே," என்றாள் மாமியார். "இத்தனை அடியா?"

"இதெல்லாம் தாங்கினாத்தான் வெளிய அனுப்புவோம், அத்தை."

மாமியார் அந்த உருளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்தபோது, வீட்டில் அவள் பார்த்தே இராத யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது.

கூடத்தின் மூலையில் குளிர் அறை. அலமாரி அளவுதான், ஆனால் மைனஸ் நாற்பது வரை போகும். அதில் புது மாடல் ஒன்றின் சோதனை முப்பத்தாறு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் சொல்லாமல் நிறுத்த முடியாது. மேலாளரிடம் சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

சொன்னாள், நின்றபடியே, ஒரு மூச்சில்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "பதினேழு உடைக்கப்படலையா?"

"இல்ல சார்."

"பதினெட்டு?"

"அலமாரியில இருக்கு. ரெண்டும் ஒரே நாள்ல வந்தது, ஒரே அடி வாங்கினது. பதினெட்டைக் குளிர்ல வச்சுப் பார்த்தா பதினேழு என்ன பண்ணும்னு தெரிஞ்சுடும். அதுக்குத்தான் குளிர் அறை வேணும்."

அவர் எழுந்து போய்த் தன் கையாலேயே புது மாடல் சோதனையை நிறுத்தினார்.

பதினெட்டின் பேட்டரியைப் பதினொன்றுக்கு இறக்கினார்கள். அதற்குள் மலையிலிருந்து அடுத்த செய்தி. 'பேட்டரி 10. அணைச்சு வச்சுடட்டுமா? மூணு மணிக்கு ஆன் பண்றேன்.'

யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை அதுதான். கூடத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அவள் விரல் மட்டும் 'சரி' என்று எழுத மறுத்தது.

'பொறுங்க. நான் சொல்ற வரை அணைக்காதீங்க. ஜாக்கெட் பாக்கெட்ல வைங்க.'

பதினெட்டைக் குளிர் அறையில் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் உறைய விட்டு, அணைத்தார்கள். திரும்ப ஆன் செய்தார்கள். சின்னதாக ஒரு அதிர்வு. திரையில் நிறுவனத்தின் சின்னம் அரை நொடி தெரிந்து மறைந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே அரை நொடி.

"எழுந்திருக்கும்போதுதான் அதுக்கு நிறையச் சக்தி வேணும். குளிர்ல அவ்வளவு தர முடியல," என்றாள் அவள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். அணைத்திருந்தால் மூன்று மணிக்கு அவன் கையில் ஒரு கருங்கல் துண்டுதான் இருந்திருக்கும்.

'அணைக்கவே அணைக்காதீங்க. சிக்னலை மட்டும் நிறுத்தி வைங்க. மணிக்கு ஒரு தடவை ஒரு நிமிஷம் திறந்தா போதும். மூணு மணியிலேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பத்து செகண்ட் லைட் அடிங்க.'

'சரி,' என்று வந்தது. அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்து மாமியார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பதினெட்டைக் கொஞ்சம் தெளியவைத்து, அணையாமல், பாக்கெட்டுக்குள் எவ்வளவு குளிர் இருக்குமோ அவ்வளவில் திரும்ப உள்ளே வைத்தார்கள். இனி பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வெளிச்சம். ஒன்பது. எட்டு. மேலாளர் காபி வரவழைத்தார். யாரும் குடிக்கவில்லை. ஏழு.

பன்னிரண்டு நாற்பதுக்கு, ஆறு என்று காட்டிக்கொண்டே பதினெட்டின் திரை அணைந்தது.

யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மணிக்கு இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம்.

மருமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

மாமியார்தான் கேட்டாள். "ஆறு இருந்துச்சே. எப்படி அணைஞ்சுது?"

"இருக்கு, அத்தை. உள்ளே இருக்கு. குளிர்ல அதை வெளியே எடுக்க முடியல."

"இருக்கு, ஆனா வரமாட்டேங்குது."

"ஆமா."

"பாக்கெட்ல வைக்கச் சொல்லியிருக்கியே?"

"ஜாக்கெட் பாக்கெட்லதான் இருக்கும். அதுக்கு மேல என்ன பண்றது?"

மாமியார் எழுந்தாள். "அந்தக் கதவைத் திற."

உறைந்து கிடந்த பதினெட்டை வெறுங்கையால் எடுத்தாள். கை சுட்டதுபோல் ஒரு கணம் முகம் சுளித்தாள். பிறகு ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றி, அந்த இரும்புப் பனிக்கட்டியை நேராக நெஞ்சுக்குள் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"முப்பத்தொரு வருஷம் பண்ணினதைப் பண்றேன்." பற்கள் தந்தியடிக்கப் பேசினாள். "எங்க வார்டுல சூட்டுப்பெட்டி ரெண்டே ரெண்டு. மாசம் முடியாம ஒரு கிலோவுல பொறந்து ஜில்லுனு கிடக்குங்க. துணியில சுத்தினா சூடு ஏறாது. உள்ள இருக்கிற சூட்டைத்தானே துணி பிடிச்சு வைக்கும்? அதுங்ககிட்ட ஏது சூடு? அம்மா நெஞ்சுல, தோலோட தோலா போட்டுடுவோம். பாக்கெட் வேற, தோல் வேறம்மா."

கூடத்தில் இரும்புக் கையைக்கூட யாரோ நிறுத்தியிருந்தார்கள். மலையில் அடித்து, கடலில் முக்கி, பாலைவனப் புழுதியில் புரட்டிப் பார்க்கும் இயந்திரங்களுக்கு நடுவே, ஒரு வயதான பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு, லேசாக ஆடியபடி, ஒரு போனைத் தேற்றிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம். பதினைந்து.

"இப்ப பாரு," என்று எடுத்துக் கொடுத்தாள்.

மருமகள் பொத்தானை அழுத்தினாள். சின்னம் வந்தது. அரை நொடி. ஒரு நொடி. இரண்டு நொடி. மறையவில்லை. திரை முழுவதும் வெளிச்சம் பரவி, மூலையில் எண் தெரிந்தது.

ஆறு.

"வந்துடுச்சு!" என்று கத்தியது மேலாளர். இருபது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

மருமகள் அந்த எண்ணையும் மாமியாரின் நெஞ்சில் சிவந்து கன்றிப்போன தோலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் படித்த படிப்பில், எழுதிய அறிக்கைகளில் இது எல்லாம் இருக்கிறது. சூடு ஏறினால் பேட்டரி தெளியும் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த வரிக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மணி ஒன்று. மகன் சிக்னலைத் திறக்கும் நேரம். மாமியார் சொல்லச் சொல்ல மருமகள் தட்டினாள்.

'போனை பாக்கெட்லேர்ந்து எடு. பனியனுக்கும் உள்ளே போடு. நெஞ்சுத் தோல்ல ஒட்டணும். கையால அணைச்சுக்கோ. அம்மா.'

நாற்பது நொடி கழித்துப் பதில். 'சரிம்மா. ஐயோ சில்லுனு இருக்கு. 5.'

கூடமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

இரண்டு ஐந்துக்கும் இல்லை. இரண்டரைக்கும் இல்லை. மாமியார் மருமகளின் கையைப் பிடித்தாள்.

மூன்று பன்னிரண்டுக்கு மீட்புக்குழுத் தலைவி அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"மேல வந்துட்டோம். கையை நீட்டினா விரல் தெரியல. லைட் அடிக்கச் சொன்னீங்களா?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு மணியிலேர்ந்து அவர்கிட்டேர்ந்து பதில் இல்ல."

அந்தப் பக்கம் தலைவி யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, "மூணு பிளவுக்கும் ஆள் நிறுத்தறேன். லைன்லயே இருங்க."

காற்றின் ஓசை மட்டும். யாரோ இருமினார்கள். பனியில் காலடி நொறுங்கும் சத்தம். மூன்று பதினைந்து ஆயிற்று. பதினாறு.

"இருங்க," என்றாள் தலைவி.

யாரும் மூச்சுவிடவில்லை.

"இருங்க, இருங்க... நடுப் பிளவு. வெளிச்சம் இல்லம்மா இது... என்னன்னு சொல்வேன்... பனியே எரியுது. கீழேர்ந்து மேல வரைக்கும் அந்தப் பிளவு முழுக்கப் பால் மாதிரி வெள்ளையா ஒளிருது. இருபது வருஷமா இந்த மலையில ஏறி இறங்கறேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்ல." அவள் குரல் உடைந்தது. "அணைஞ்சுடுச்சு. பரவாயில்ல. பார்த்துட்டோம். கயிறு விடுங்கப்பா!"

முக்கால் மணி நேரம் கழித்து அவன் குரல் வந்தது, வேறொருவர் போனில், கரகரப்பாக. "அம்மா."

"சொல்லுடா," என்றாள் அவன் அம்மா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. போனை மருமகளிடம் நீட்டிவிட்டாள்.

கிளம்பும்போது மேலாளர் வாசல் வரை வந்தார். "திங்கட்கிழமை என் ரூமுக்கு வாங்க. பதினேழையும் கொண்டு வாங்க." அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

மாலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் அவன் படுத்திருந்தான். காலில் கட்டு, கன்னத்தில் சிராய்ப்பு. அறுவை சிகிச்சை மறுநாள் காலை என்றார்கள். மீட்புக்குழுவினர் கொடுத்த பையிலிருந்து பதினேழை எடுத்து மருமகள் சார்ஜில் போட்டாள். ஒரு கீறல்கூட இல்லை.

"ரெண்டு மணிக்கு ஏன் பதில் போடல? இங்க எங்க உயிர் போய் உயிர் வந்துச்சு."

அவன் கூரையைப் பார்த்தான். "ரெண்டுதான் பாக்கி இருந்துச்சு. லைட்டுக்கு வேணுமேன்னு திறக்கல."

"ஒரு மணிக்கு அஞ்சு இருந்துச்சே?"

"கொஞ்ச நேரம் பனி விலகிச்சு. எதிர்ப் பாறையில கூடு தெரிஞ்சுது. ஒரு சின்ன வீடியோ..."

"வீடியோவா?" அவள் எழுந்தே விட்டாள். கோபத்தில் 'நீங்க' காணாமல் போயிருந்தது. "அஞ்சு சதவீதத்துல நீ வீடியோ எடுத்தியா? நான் இங்க ஒவ்வொரு சதவீதத்தையும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ அங்க சினிமா எடுத்தியா?"

"முதல்ல பாரேன்," என்றான் அவன், குற்றவாளியைப்போல்.

மாமியார் பதினேழை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூவரும் குனிந்தார்கள்.

செங்குத்தான பாறை. அதில் கட்டில் அகலத்துக்கு ஒரு கூடு. விளிம்பில் நின்ற பறவை இறக்கையை விரித்தபோது திரையே இருண்டது. அவ்வளவு பெரியது. அது நகர்ந்ததும், சுள்ளிகளுக்கு நடுவே ஈரமாக ஏதோ ஒன்று அசைந்தது. ஒரு தலை எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து வாயைத் திறந்தது.

"பொறந்து ஒரு நாள்கூட ஆகல," என்று கிசுகிசுத்தாள் மாமியார். ஆயிரக்கணக்கில் பிறப்பு பார்த்தவள், மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகளின் கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"பதினொரு வருஷமா அந்த மலையில ஒரு குஞ்சுகூடப் பொரிக்கல," என்றான் அவன் மெதுவாக. "முட்டை இருக்கும், அடுத்த தடவை போறப்ப காணாமப் போயிருக்கும். இதுதான் முதல்."

மாமியார் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி பார்த்தார்கள். மூன்றாவது முறை அவள் திரையில் விரல் வைத்தாள்.

"உன் கயிறு ஏன்டா அங்க போய்த் தொங்குது?"

"எங்க?"

"கூட்டுக்கு மேல. ஆரஞ்சு நிறத்துல."

அவன் முழங்கையை ஊன்றி நிமிர முயன்றான். வலியில் முகம் கோணியது. ஆனாலும் போனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினான்.

"என் கயிறு நீலம்மா. அதுவும் என்னோட கீழே விழுந்துடுச்சு."

"அப்ப மீட்புக்குழுவோடதா?"

"அவங்க மூணு மணிக்குத்தானே வந்தாங்க." மருமகள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். வீடியோ எடுத்த நேரம் ஒன்று ஐம்பத்திரண்டு.

அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அந்த நேரத்துல நான் கத்திக்கிட்டே இருந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். மேல யாராவது நின்னிருந்தா நிச்சயமா கேட்டிருக்கும்."

திரையில், கூட்டுக்கு ஒரு முழம் மேலே தொங்கிய அந்த ஆரஞ்சுக் கயிறு, யாரோ இழுக்க, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.